நளன் கற்ற கணக்கு

சென்ற மாசி மாதத்து மாலையொன்றில் முன்னாள் மாணவர் ஒருவர் என் வீடு தேடி வந்திருந்தார். படுவான்கரையைச் சேர்ந்தவர். அவர் என்னிடம் படித்த நாளில், வாவியைக் கடந்து வருவதற்குப் ‘பாதை’ என்று நாங்கள் வழங்கும் மிதவைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். 2014 ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அந்தக் காத்திருப்பு இல்லை. ஆறு ஆண்டுகள் கட்டாரில் உழைத்துத் திரும்பியவர். தேநீர் அருந்தும்வரை ஊர்ப் புதினம் பேசியவர், பின்னர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து என்முன் விரித்தார். ரூலெட், பக்கரா, பிளாக்ஜாக், காசு போடும் பொறி என்று சில பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

“ஐயா, இவற்றுள் ஆடுபவனுக்குச் சாதகம் மிகுந்த ஆட்டம் எது?” என்று வினவினார்.

சீட்டாட்டத்தில் முந்நூற்று நான்குக்கு அப்பால் ஒன்றும் அறியாத என்னிடம் இந்த வினா எதற்கு வந்தது என்று யான் திகைத்தேன். அவரே விளக்கினார். “நீங்கள்தானே ஐயா நளவெண்பா படிப்பித்தீர்கள்? கணக்குத் தெரியாதபோது ஆடி நாட்டை இழந்தவன், கணக்குத் தெரிந்தபின் ஆடி அதே நாட்டை மீட்டான் என்று நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.”

இருபது ஆண்டுகளுக்கு முன் கலிநீங்கு காண்டம் நடத்தியபோது மாணவர் உறங்கிவிடாதிருக்க அப்படி ஒரு வாக்கியம் சொல்லியிருப்பேன். அது கொழும்புச் சூதாட்ட மண்டபம் வரை ஒருவரை அழைத்துச் செல்லும் என்று யான் எண்ணியதில்லை. காரணத்தை மெல்லக் கேட்டேன். மகளுக்குப் பத்து வயது. மட்டக்களப்பு வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. பெண் பிறந்த நாளிலேயே அவள் வளவும் வீடும் தந்தையின் நெஞ்சில் ஏறிக்கொள்ளும். அத்திவாரம் போட்டாயிற்று. கையிலிருக்கும் பணத்தில் சுவர் எழும்பும், கூரை எழும்பாது. இருப்பது இரட்டிப்பானால் வீடு முடியும்.

ஒரு கிழமை தவணை கேட்டு அவரை அனுப்பிவைத்தேன்.

சூது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. கீழடி அகழாய்வில் பகடைக் காய்கள் கிடைத்துள்ளன. பாழ்பட்ட ஊர்ப் பொதியிலில் நரைத்த முதியோர் காயுருட்டித் தேய்ந்த குழிகளில் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கும் காட்சியைப் புறநானூற்றின் 52 ஆம் பாட்டு தருகிறது. ஆடியவர் போய்விட்டனர், ஆடிய பள்ளம் மட்டும் எஞ்சியது. கவறு, வல்லு, ஆயம், பணையம் என்று இத்தொழிலுக்கென்றே நம்மிடம் ஒரு சொற்குவியல் உண்டு. ‘கழகம்’ என்னும் சொல்லைத் திருவள்ளுவர் சூதாடும் இடம் என்ற பொருளிலே சூது அதிகாரத்தில் ஆள்கிறார். இன்று அச்சொல்லே பல்கலைக்கழகமாகப் பட்டம் வழங்குகிறது. மாணவர்க்கு இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு சிரிப்பொலி எழும். பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருக்கும் நண்பர் ஒருவர் மட்டும் சிரிப்பதில்லை.

இப்பகுதி மக்களுக்கோ சூது ஏட்டில் மட்டும் இருப்பதன்று. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் நிகழும் விழாவில் வனவாசமும் அருச்சுனன் தவமும் தீமிதிப்பும் முறையே வருகின்றன. தருமன் கவறாடித் தோற்றிராவிட்டால் வனவாசம் ஏது? வடமோடிக் கூத்துக் களரிகளில் பாரதக் கதை பார்த்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்குச் சகுனி ஊர்க்காரன் ஒருவனைப் போலத்தான்.

அத்தகைய ஒருவனை யான் நேரிலும் கண்டிருக்கிறேன். எனக்குப் பதின்மூன்று வயது. வாவிக்கரை ஊரொன்றில் கோயில் திருவிழா, ஊர்ப்பெயர் வேண்டா. பெற்றோமக்ஸ் விளக்கின் கீழ் ஒருவர் ஆறு கட்டம் வரைந்த துணியை விரித்திருந்தார். முடி, நங்கூரம், சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்கள் என ஆறு படங்கள். அதே ஆறும் எழுதிய மூன்று கட்டைகளைக் குவளையில் இட்டுக் குலுக்கிக் கவிழ்ப்பார். நாம் காசு வைத்த படம் ஒரு கட்டையில் விழுந்தால் வைத்த காசுடன் அதே அளவு கிடைக்கும். இரண்டில் விழுந்தால் இரு மடங்கு, மூன்றிலும் விழுந்தால் மும்மடங்கு. ‘ஆறு படத்துக்கு மூன்று கட்டை, பாதிக்குப் பாதி வாய்ப்பு! இரட்டை விழுந்தால் அதற்கு மேலும் இலாபம்’ என்று என் சிறுமூளை கணக்கிட்டது. அருச்சனைக்கும் விளக்கெண்ணெய்க்கும் அம்மா முடிந்து தந்த பணம் முழுவதும் அந்தத் துணியில் கரைந்தது. வீட்டிற்கு வந்து, கூட்டத்தில் முடிச்சு அவிழ்ந்து விழுந்துவிட்டது என்றேன். அம்மா நம்பினார். பின்னாளில் உண்மையைச் சொல்லலாம் என்றிருந்தேன். சொல்வதற்குள் அவர் காலம் முடிந்துவிட்டது.

என் கணக்கில் பிழை எங்கே என்பது நாற்பது ஆண்டுகளாக எனக்குத் தெரியாது. மாணவர் வந்துபோன மறுநாள், எங்கள் கல்லூரியின் கணித ஆசிரியரிடம் அந்தத் துணியைப் பற்றிக் கேட்டேன். அவர் ஆறு புளியங்கொட்டைகளை எடுத்து, ஆறு கட்டத்திலும் ஒவ்வொன்றாக வைத்தார். “ஆறு பேர் ஆளுக்கு ஒரு ரூபாய் வைத்ததாக நினையுங்கள். மூன்று கட்டையும் வேறு வேறாக விழுந்தால் மூவர் தோற்ற மூன்று ரூபாய் வென்ற மூவருக்குப் போகும். துணிக்காரனுக்கு இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இரட்டை விழுந்தால்? தோற்றவர் நால்வர். இரட்டைக்காரனுக்கு இரண்டு, மற்றவனுக்கு ஒன்று, ஆக மூன்று கொடுத்து ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொள்வான். மூன்றும் ஒன்றாக விழுந்தால் ஐவரிடம் ஐந்து வாங்கி மூன்று கொடுப்பான்.”

மூன்று கட்டைகளும் விழக்கூடிய வகை 216. அவற்றுள் 120 வகையில் மூன்றும் வேறு வேறு. 90 வகையில் இரட்டை. 6 வகையில் மூன்றும் ஒன்று. கூட்டிப் பார்த்தால் வைக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறத்தாழ 7 ரூபாய் 87 சதம் துணிக்காரனுக்கு. அவன் கட்டையில் ஈயம் வைக்கவில்லை, கண்கட்டு வித்தை செய்யவுமில்லை. இரட்டை விழும்போது வேடிக்கை பார்த்தவர்கள் ஆரவாரித்தார்களே, அந்த ஆரவாரத்திற்குள்ளேதான் அவனுடைய கூலி மறைந்திருந்தது. புளியங்கொட்டையைப் பார்த்துக்கொண்டு யான் வெகுநேரம் இருந்துவிட்டேன்.

இக்கணக்கு நூலாக வளர்ந்தது மேனாட்டில். 1654 இல் பஸ்கால், பெர்மா என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள், பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணையத்தை எவ்வாறு பங்கிடுவது என்று கடிதம் எழுதிக்கொண்டதிலிருந்து நிகழ்தகவு என்னும் கணிதத்துறை கிளைத்தது என்பர். ஆனால் அத்துறையின் தோற்றத்தைப் பற்றி 1975 இல் நூலெழுதிய இயன் ஹாக்கிங் என்னும் கனடிய அறிஞர் நம் நளன் கதையை எடுத்துப் பேசுகிறார் என்பதைக் கேட்டபோது எனக்கு ஒரு பெருமிதம் வந்ததை மறைப்பதற்கில்லை.

மாணவரின் தாளுக்கு வருவோம். ரூலெட் என்பது சுழலும் தட்டு. 0 முதல் 36 வரை 37 குழிகள். குண்டு ஒரு குழியில் வந்து விழும். சரியான எண்ணில் ஒரு ரூபாய் வைத்திருந்தால் அந்த ரூபாயோடு மேலும் 35 கிடைக்கும். 37 எண்ணிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்துப் பாருங்கள்: 37 போட்டு 36 எடுப்பீர்கள். நூற்றுக்கு 2.70 போயிற்று. அமெரிக்க வழக்கில் இன்னொரு பூச்சியம் சேர்த்துக் குழி 38 ஆகும். கொடுப்பதோ அதே 36. ஒரேயொரு குழியைக் கூட்டியதால் இழப்பு 5.26 ஆக உயர்கிறது. பூச்சியத்தைக் கண்டுபிடித்தவர் நம் அயல்நாடாகிய இந்தியாவினர் என்பர். அதனை விற்கத் தெரிந்தவர்கள் வேறு.

பக்கரா என்னும் சீட்டாட்டத்தில் ‘வங்கி’ப் பக்கம் வைத்தால், வென்ற பணத்தில் நூற்றுக்கு ஐந்து தரகு போக, இழப்பு 1.06 மட்டுமே. ‘ஆட்டக்காரன்’ பக்கம் 1.24. இரண்டும் சமமாக வரும் என்று வைத்தால் எட்டு மடங்கு தருவோம் என்று ஆசை காட்டுவார்கள். அதிலே இழப்பு 14.36. ஒரே மேசையில், ஒரு சாண் இடைவெளியில், பதின்மூன்று மடங்கு வேற்றுமை! இருபத்தொன்றை எட்ட முயலும் பிளாக்ஜாக் ஆட்டத்தில், எந்தக் கைக்கு என்ன செய்வது என்பதை மனனம் செய்து பிசகாது ஆடினால், விதிகள் நல்லனவாயின், இழப்பை அரை வீதமளவுக்குக் குறைக்கலாம். பட்டியலில் ஆடுபவனுக்கு மிக அணுக்கமானது அதுதான். அங்கும் இருபத்தொன்றைத் தாண்டியவன் உடனே தோற்கிறான். பின்னர் வழங்குபவரும் தாண்டினாலும் அவன் பணம் திரும்புவதில்லை. காசு போடும் பொறியோ, எவ்வளவு விழுங்கும் என்பது உள்ளே குறிக்கப்பட்டிருப்பது. வெளியில் நின்று பார்ப்பவன் அறிய வழியில்லை. நம் தெருமுனை அதிர்ஷ்டலாபச் சீட்டைத் தாளில் அவர் எழுதவில்லை, யானே சேர்த்தேன். ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் ஒத்துவர வேண்டுமாயின் 2 கோடி 60 இலட்சத்தில் ஒன்று.

இவ்வாறு வரிசைப்படுத்தியபோது, விடை கிடைத்துவிட்டது என்றே எண்ணினேன். நூற்றுக்கு அரையும் ஒன்றும் என்ன பெரிய இழப்பு? கடையில் தேங்காய் வாங்கினாலும் அதற்கு மேல் போகிறதே! கணித ஆசிரியர்தான் தடுத்தார். “நூற்றுக்கு ஒன்று என்பது நீங்கள் கொண்டுபோன பணத்தில் அல்ல, பண்டிதர் ஐயா. வைக்கும் ஒவ்வொரு பணையத்திலும்.” ஆயிரம் ரூபாயாக மணிக்கு எழுபது ஆட்டம் ஆடினால் மேசைமேல் வைத்தது எழுபதினாயிரம். நான்கு மணி நேரத்தில் இரண்டு இலட்சத்து எண்பதினாயிரம். அதில் நூற்றுக்கு 1.06 என்றால் ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய். ஐம்பதினாயிரம் மட்டும் கொண்டுபோனவனும் அதே பணத்தைத் திரும்பத் திரும்ப வைத்து அவ்வளவுக்கும் வரி கட்டுகிறான். மூவாயிரம் என்பதும் பலரின் சராசரி. தனியொருவன் அதனிலும் பன்மடங்கு இழக்கலாம், வெல்லவும் கூடும். அந்தக் ‘கூடும்’ என்பதே தூண்டில். சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் முள்ளாக வள்ளுவர் காட்டியது வாவிக்கரையில் வாழும் எங்களுக்கு உரை வேண்டாத உவமை. அடுத்த குறளிலேயே ஒன்றையும் நூறையும் அவர் இணைத்துப் பேசுவதைக் கொண்டு, வள்ளுவர் வீதக் கணக்குச் சொன்னார் என்று நிறுவப் புறப்படுவோரும் நம்மிடையே இருக்கலாம். யான் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனல்லன்.

இவற்றினும் என்னை வியப்பிலாழ்த்திய கணக்கு ஒன்றுண்டு. ஒருவன் தன் பணத்தை இரட்டிக்க விரும்பி ரூலெட்டில் சிவப்பு, கறுப்பு என்னும் நிறத்தின்மேல் வைக்கிறான் என்க. ஒவ்வொரு முறையும் வெல்லும் வாய்ப்பு 37 இல் 18. நாம் அனைவரும் என்ன சொல்வோம்? பொறுமையாக, சிறிது சிறிதாக வைத்து ஆடு என்போம். கணிதம் நேர்மாறாகச் சொல்கிறது. முழுவதையும் ஒரே முறையில் வைத்தால் இரட்டிப்பாகும் வாய்ப்பு நூற்றுக்கு 48.6. பத்துப் பங்காக்கி, இரட்டிக்கும்வரை அல்லது இழக்கும்வரை ஒவ்வொரு பங்காக ஆடினால் நூற்றுக்கு 37க்குச் சற்றுக் குறைவு. நூறு பங்காக்கி ஆடினால்? 224 இல் ஒன்று! சிக்கனமாக ஆடுபவனே உறுதியாகத் தோற்கிறான். ஆட்டம் நீள நீள, அந்தச் சிறிய வீதம் கறையான்போல உள்ளிருந்து அரிக்கிறது. இருக்கையும் குளிர்காற்றும் விருந்தும் அங்கே தாராளமாக வழங்கப்படுவது ஏன் என்று அப்போதுதான் விளங்கிற்று.

முந்நூற்று நான்கு ஆட்டத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நால்வர் திண்ணையில் அமர்ந்து ஆடும்போது ஒருவர் இழப்பது மற்றவரிடம் போகும். நடுவில் எடுப்பவர் எவருமில்லை. வாய்ப்பைப் பொறுத்தமட்டில் உலகின் எந்த மாளிகையும் அந்தத் திண்ணைக்கு ஈடாகாது.

நம் நாட்டின் சூதாட்டச் சட்டம் 1889 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்குகிறது. 2010 இல் கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டம் வந்தது. 2025 ஆவணியில் கொழும்பில் பெரும் பொருட்செலவில் ஒரு மாளிகை திறக்கப்பட்டது. இலங்கைக் குடிமகன் இத்தகைய இடத்தில் நுழைவதற்கே டொலர்க் கணக்கில் ஒரு தீர்வையைச் சட்டம் 2015 இல் விதித்தது. எனவே படுவான்கரை மனிதர் மேசையில் அமருமுன்பே முதற் பணையத்தை இழந்துவிடுகிறார்.

இத்தனையும் எழுதி முடித்தபின் நளனிடம் திரும்பினேன். புகழேந்தியோடு நில்லாது, வியாச பாரதத்து வனபருவத்தையும் எடுத்து வைத்துக்கொண்டேன். இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக விதர்ப்பம் செல்லும் வழியில், ஒரு தான்றி மரத்தைக் கண்ட அரசன் அதன் இரு கிளைகளிலுள்ள காய் 2095 என்கிறான். நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, எண்ணிப் பார்க்கிறான், சரியாயிருக்கிறது. தன் குதிரை நூலைக் கொடுத்து அரசனின் கவற்று நூலைப் பெறுகிறான். கலி அவனை விட்டு நீங்குகிறது. பழங்காலத்தில் தான்றிக் கொட்டையே கவறாக உருட்டப்பட்டது. இன்று அது திரிபலாச் சூரணத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நளன் பெற்றது எண்ணும் வித்தை. அதை அவன் தன்னைப் போன்ற ஒரு மனிதனாகிய புட்கரனுக்கு எதிரே பயன்படுத்தினான். எண்ணினால் வெல்லலாம் என்பதற்கு இக்காலத்துச் சான்றும் உண்டு. எட்வேட் தோர்ப் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், கழிந்த சீட்டுகளை நினைவில் வைத்து பிளாக்ஜாக்கில் மாளிகையை வெல்லும் வழியை 1962 இல் நூலாகவே வெளியிட்டார். மாளிகைகள் புட்கரனைப்போல அமர்ந்திருக்கவில்லை. கட்டுகளைப் பெருக்கின, அடிக்கடி கலைத்தன, எண்ணுபவரைக் கண்டால் எழுப்பி அனுப்பின.

வனபருவத்தில் இன்னும் இரண்டு செய்திகள் கிடந்தன. நளன் நாட்டை மீட்டது பல நாள் ஆடி அன்று, ஒரே பணையத்தில். மீட்டபின் புட்கரனுக்கும் அவன் பங்கைக் கொடுத்துவிடுகிறான். இவற்றை வகுப்பில் யான் சொன்னதே இல்லை.

சொன்ன நாளில் மாணவர் வந்தார். தாளை விளக்கினேன். கூர்மையான பிள்ளை, புளியங்கொட்டைக் கணக்கை ஒரே தடவையில் பற்றிக்கொண்டார். ஒன்று, பத்து, நூறு பங்குகளின் கணக்கைக் கேட்டதும் அவர் முகம் மாறியது.

“அப்படியென்றால் ஐயா, முழுவதையும் ஒரே தடவையில் வைத்துவிட்டு எழுந்து வருவதுதானே மேல்? நளனும் அதைத்தானே செய்தான்?”

யான் இதனை எதிர்பார்க்கவில்லை. அவரைத் தடுப்பதற்கென்று தொகுத்த கணக்கே அவருக்கு வழிகாட்டியாயிற்று. பொய் சொல்ல முடியாது. ஆடியே தீரவேண்டும் என்பவனுக்குக் கணிதத்தின் விடை ‘ஆம்’ என்பதே. இரண்டு முறையில் ஒரு முறைக்குச் சற்று அதிகமாக அத்திவாரம் அத்திவாரமாகவே நின்றுவிடும் என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஒரு ஆட்டத்தில் நளன் எதை ஐயா வைத்தான்?”

“தான் தேடிய பொருளையும், தமயந்தியையும்” என்றேன். வியாச பாரதம் அப்படித்தான் கூறுகிறது. கலி நீங்கிய பின், கணக்குக் கற்ற பின், பிரிந்த மனைவியைக் கண்டடைந்த பின், அவளையே மறுபடி வைக்கிறான்.

அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே என் மனைவி விளக்கேற்றும் ஓசை கேட்டது. பின்னர் எழுந்து, “தாளைத் தாருங்கள் ஐயா” என்று வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்க எனக்கு நா எழவில்லை. “மகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள், தம்பி” என்றேன். மோட்டார்ச் சைக்கிளின் ஒலி பாலத்துப் பக்கம் தேய்ந்து மறைந்தது.

இத்தவணையில் மறுபடியும் கலிநீங்கு காண்டம் நடத்த வேண்டியிருக்கிறது. என் பழைய பிரதியின் ஓரத்தில், தான்றி மரம் வரும் இடத்திற்கு நேரே, ‘ஒரு பணையம் - எதை வைத்தான்?’ என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.